கயா பேரேட்டில் எழுதிய வரி

முங்கேர்
14 அக்டோபர் 1988

கயா, விஷ்ணுபாதம் கோயில் தெரு, கேசோலால் பண்டா அவர்களுக்கு,

நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. அதனால் நான் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் பெயர் இந்திராசனி. வயது முப்பத்தாறு. முங்கேரில் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். ரயில்வே பார்சல் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, ஆராவில் சொந்த வீட்டில் இருக்கும் ஹர்கோவிந்த் பிரசாத்தின் மகள். ஒரே மகள். இதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்ற நிலைமை வந்திருப்பதால்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் பித்ருபட்சத்துக்கு என் பெரியப்பா மகன் சகல்தேவ் தன் அப்பாவுக்குப் பிண்டம் வைக்க உங்களிடம் வந்தான். எங்கள் குடும்பத்துக்கு ஏழு தலைமுறையாக உங்கள் வீடுதான் பண்டா வீடு, பிண்டம் வைத்துத் தருவதும் வம்சத்தை ஏட்டில் எழுதி வைப்பதும் நீங்கள்தான். பேரேட்டைப் பிரித்து எங்கள் வம்சத்தைப் படித்துக் காட்டியிருக்கிறீர்கள். அதில் என் அப்பாவைப் பற்றிய வரியை அவன் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டான். நேரே ஊருக்குப் போகாமல், ரயில் மாறி, மொட்டைத் தலையோடு முங்கேருக்கு வந்து, நான் வகுப்பில் இருக்கும்போது வாசலில் நின்று கூப்பிட்டு அதை என் கையில் கொடுத்தான். ஊருக்குப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வரக்கூடப் பொறுமையில்லை, அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு.

அதில் இருப்பது இதுதான்: "ஹர்கோவிந்த் பிரசாத். சந்ததி இல்லை. இந்த வருஷம் மார்ச்சில் நேரில் வந்து, ஜனார்த்தனர் கோயிலில் தன் பிண்டத்தைத் தானே வைத்தார்."

உயிரோடு இருக்கும்போதே தனக்குத் தானே பிண்டம் வைத்துக்கொள்கிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். நாதியற்றவர்கள். பெற்ற பிள்ளையைத் தலைமுழுகியவர்கள். என் அப்பா இந்த இரண்டில் எதுவும் இல்லை என்று போன வாரம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். ஹோலிக்கு நான் ஆராவுக்குப் போனபோது, பக்கத்தில் உட்கார்ந்து பருப்புக் கச்சோரி சாப்பிட்டார். கயா என்ற பெயரைக்கூட எடுக்கவில்லை.

சகல்தேவ் சொன்னதையும் கேளுங்கள். "சித்தப்பாவே உன்னைக் கைகழுவிட்டாரு. நீ எதுக்கு இன்னும் அப்பா அப்பான்னு குதிக்கிற?" என் வகுப்பில் நாற்பத்திரண்டு பெண்கள் ஜன்னல் வழியாக இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சந்ததி இல்லை" என்ற இரண்டு வார்த்தையை அடித்துவிடுங்கள். அடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். நான் உயிரோடு இருக்கிறேன். வேண்டுமானால் தலைமை ஆசிரியையிடம் கையெழுத்து வாங்கி அனுப்புகிறேன்.

இந்திராசனி


கயா
27 அக்டோபர் 1988

ஸ்ரீ விஷ்ணுபாதம் சரணம்.

டீச்சரம்மாவுக்குக் கேசோலால் பண்டாவின் ஆசீர்வாதம். கடிதம் கிடைத்தது. கையெழுத்தைப் பார்த்ததுமே பிரம்பு வைத்திருக்கும் கை என்று தெரிந்துகொண்டேன். பித்ருபட்சம் பதினாறு நாளும் கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. வெந்நீரும் அதிமதுரமுமாகக் கிடந்தேன். அதனால்தான் பதில் தாமதம்.

பேரேட்டில் அடிக்கச் சொல்கிறீர்கள். அம்மா, எங்கள் வீட்டில் பதினோரு தலைமுறையாக இந்த ஏடு எழுதப்படுகிறது. சிவப்புத் துணியில் கட்டி, பூச்சி அரிக்காமல் வேப்பிலை போட்டு, வெள்ளம் வந்த வருஷம் தலையில் தூக்கிக்கொண்டு மாடியில் உட்கார்ந்து காப்பாற்றிய ஏடு. அதில் ஒரு எழுத்து அடிக்கப்பட்டதில்லை. என் தாத்தாவுக்குத் தாத்தா, உயிரோடிருந்த ஒருவரைச் செத்துப்போனார் என்று எழுதிவிட்டார். அந்த மனிதர் நேரில் வந்து வீட்டு வாசலில் குதித்தார். அப்போதும் அடிக்கவில்லை. அடுத்த வரியில் "உயிரோடு வந்தார், கோபமாக இருந்தார்" என்று எழுதினார். இன்றைக்கும் அது அப்படியே இருக்கிறது. கோர்ட்டில் ஜட்ஜே எங்கள் ஏட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பார்க்கிறார் என்றால் இதனால்தான். இன்றைக்கு உங்களுக்காக அடித்தால், நாளைக்கு எவனோ தன் அண்ணனை அடிக்கச் சொல்வான்.

இன்னொன்று. அந்த வரிக்குக் கீழே உங்கள் அப்பாவின் கையெழுத்து இருக்கிறது. ஹர்கோவிந்த் பிரசாத், ரயில்வே கையெழுத்து, கடைசி எழுத்தில் வால் நீட்டி. சகல்தேவ் அதை உங்களிடம் சொல்லவில்லையா? அப்படியானால் கேட்க வேண்டியது என்னிடம் இல்லை. மகள் ஒருத்தி உயிரோடு இருக்கும்போது ஒரு தகப்பன் இதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறான் என்றால், அந்த மகள் கொஞ்சம் கண்ணாடியில் முகம் பார்த்துக்கொள்வது நல்லது. பெரியவன் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இதோடு அரைக் கிலோ தில்குட் பார்சல் அனுப்பியிருக்கிறேன். எள்ளை இடிக்கும் சத்தம் எங்கள் தெருவுக்கே கேட்கும், அவ்வளவு புதிதாகச் செய்தது.

கேசோலால் பண்டா


முங்கேர்
20 நவம்பர் 1988

பண்டாஜி அவர்களுக்கு,

தில்குட் வந்தது. பள்ளிக்கூட வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டேன். அவருக்கு முன்பல் இரண்டும் ஆட்டம். கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறார். உங்கள் இனிப்பால் இந்த ஊரில் யாருக்கும் பிரயோஜனமில்லை, இனிமேல் அனுப்ப வேண்டாம்.

கண்ணாடியில் முகம் பார்த்துக்கொள்ளச் சொன்னீர்கள். பார்த்தேன். என் அப்பாவின் மூக்குதான் தெரிகிறது.

கையெழுத்து இருக்கிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? அம்மா போனதிலிருந்து சூரியனுக்கான சட் விரதத்தை அப்பாதான் பிடிக்கிறார். முப்பத்தாறு மணி நேரம் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் ஆற்றில் இடுப்பளவு நீரில் நிற்பார். அவருக்குப் படையல் கூடை கட்டவும் தேக்குவா இனிப்பு பொரிக்கவும் ஒவ்வொரு வருஷமும் நான் போவேன். இந்த வருஷம் போகவில்லை. பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. நான் அறைக்குள்ளேயே உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்தினேன். அவரிடமிருந்து இரண்டு இன்லண்ட் லெட்டர் வந்தது. இரண்டையும் பிரிக்காமல் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்தேன். "வாங்க மறுத்தார்" என்று எழுதி அனுப்பச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதினார்.

எனக்கு இப்போது எல்லாம் ஒவ்வொன்றாகப் புரிகிறது. 1981-ல் அம்மா போனபோது அப்பா கால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். சகல்தேவ்தான் கொள்ளி வைத்தான். "பொம்பளைங்க படித்துறைக்கு வரக்கூடாது, ஓரமா நில்லு" என்று என்னை ரிக்‌ஷா நிற்கும் இடத்தில் நிறுத்தினான். அங்கே நின்றபடி புகையைத்தான் பார்த்தேன். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் அப்பாவிடம் சொல்லி அழுதேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். வலியால் பேசவில்லை என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். சகல்தேவ் செய்ததுதான் சரி என்று அன்றைக்கே நினைத்திருக்கிறார் போலிருக்கிறது. கல்யாணம் வேண்டாம் என்று நான் சொன்னபோதும் அதே மாதிரிதான் பேசாமல் இருந்தார்.

ஆனால் ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்துகிறது. கையெழுத்து வேறு, வாய்ச்சொல் வேறு. எனக்குப் பிள்ளை இல்லை என்று என் அப்பா தன் வாயால் உங்களிடம் சொன்னாரா? ஆமாம் அல்லது இல்லை. ஒரு வார்த்தை போதும். ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள்.

இந்திராசனி


கயா
3 டிசம்பர் 1988

ஸ்ரீ விஷ்ணுபாதம் சரணம்.

டீச்சரம்மா, பள்ளிக்கூடத்துப் பெண்ணை நிற்க வைத்துக் கேட்பது போல என்னைக் கேட்கிறீர்கள். எனக்கு அறுபத்தெட்டு வயது. மாவட்ட கலெக்டர் என்னிடம் வந்தாலும் வெறுங்காலோடுதான் நிற்பார்.

கையெழுத்துப் போட்டார் என்றால் வாயால் சொன்ன மாதிரிதான். இதற்கு மேல் என்ன கேள்வி? மார்ச்சில் அவர் வந்த அன்றைக்கு வங்காளத்திலிருந்து இரண்டு பஸ் நிறைய, பிண்டம் வைக்கும் யஜமான்கள் வந்திருந்தார்கள். யார் எந்த வார்த்தையை எப்படிச் சொன்னார்கள் என்று எழுதி வைக்க நான் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஏட்டில் உங்கள் பெயர் இல்லை என்று எரிகிறீர்கள். மகள்கள் பெயரைத் தகப்பன் பக்கத்தில் யாரும் எழுதுவதில்லை. கல்யாணமாகிப் போனால் புருஷன் வீட்டுப் பண்டாவின் ஏட்டில் இன்னாரின் மனைவி என்று ஏறிவிடும். அதுதான் வழக்கம். நீங்கள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆகவே எந்தப் பண்டா ஏட்டிலும் நீங்கள் இல்லை. பத்ரிநாத் முதல் புரி வரை தேடினாலும் கிடைக்க மாட்டீர்கள். அது என் குற்றமா? அந்தக் கோபத்தை என் மேல் காட்ட வேண்டாம். கடிதப் போக்குவரத்தை இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

கேசோலால் பண்டா


முங்கேர்
22 ஜனவரி 1989

கேசோலால் பண்டாவுக்கு,

என் அப்பா இந்த மாதம் ஒன்பதாம் தேதி காலை இறந்துவிட்டார். பக்கத்து வீட்டில் இருக்கும் ரஹ்மத் அலி, அப்பாவோடு வேலை பார்த்த ரயில்வே கார்டு, தந்தி கொடுத்தார். நான் போய்ச் சேரும்போது மூங்கில் பாடையில் கிடத்தியிருந்தார்கள். மூன்று மாதமாகப் பேசாத முகத்தைத் துணியை விலக்கிக் காட்டினார்கள்.

சகல்தேவ் வேட்டியை இடுப்பில் கட்டித் தயாராக நின்றான். ரஹ்மத் அலி சாச்சா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்க அப்பா எங்கிட்ட சொல்லியிருக்காரும்மா. நெருப்பு நீதான் வைக்கணும். போ, சட்டியை வாங்கு" என்றார். நான் அவரை நம்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரர், என்மேல் பரிதாபப்பட்டு ஏதோ சொல்கிறார் என்று நினைத்தேன். "பேரேட்டில் நான் இல்லை சாச்சா, சந்ததி இல்லாதவருக்கு யார் வைத்தால் என்ன" என்று சொல்லிவிட்டு நானே விலகி நின்றுகொண்டேன். இந்தத் தடவை யாரும் என்னை ஓரமாக நிற்கச் சொல்லவில்லை. நானாகத்தான் நின்றேன். சகல்தேவ் வைத்தான்.

பத்து நாள் கழித்து அப்பாவின் பெட்டியைத் திறந்தேன். நான் திருப்பி அனுப்பிய இரண்டு இன்லண்ட் லெட்டரும் மேலேயே இருந்தன. முதலாவதில், வரிமேல் வரி ஏறிய எழுத்தில், சட் பூஜைக்கு எந்த ரயிலில் வருகிறாய், ஸ்டேஷனுக்கு நான் வரட்டுமா, கண் சரியாகத் தெரியவில்லை, ஆனால் உன் நடையை வைத்துக் கண்டுபிடித்துவிடுவேன் என்று எழுதியிருக்கிறார். இரண்டாவதில், ஏன் லெட்டர் திரும்பி வந்தது, உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டு, "கயாவில் ஒரு காரியத்தை முடித்துவிட்டேன். உனக்காகத்தான். நேரில் சொன்னால் முதலில் சண்டை போடுவாய், பிறகு சிரிப்பாய்" என்று எழுதியிருக்கிறார்.

உனக்காகத்தான் என்று எழுதியிருக்கிறார். மகளைத் தலைமுழுகிய மனிதன் எழுதுகிற வரியா இது?

என் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. கலெக்டர், பஸ், வங்காளம் என்று என்னென்னவோ எழுதினீர்கள். ஆமாம் இல்லை என்ற இரண்டில் ஒன்று மட்டும் உங்கள் பேனாவில் வரவில்லை. நான் கணக்கு டீச்சர். விடையை மட்டும் விட்டுவிட்டுப் பக்கம் பக்கமாக எழுதுகிற பெண்களைத் தினமும் பார்க்கிறேன். அவர்களுக்கு விடை தெரியாது. உங்களுக்குத் தெரியும் என்றுதான் தோன்றுகிறது.

அன்றைக்கு என் அப்பா என்ன சொன்னார்? அப்படியே எழுதுங்கள். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் கயாவுக்கு வந்து உங்கள் வீட்டு வாசலில் உட்காருவேன். வருகிற யஜமான் ஒவ்வொருவரிடமும் இந்தக் கடிதங்களைப் படித்துக் காட்டுவேன்.

இந்திராசனி


கயா
5 பிப்ரவரி 1989

அம்மா,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். இதை அனுப்பிவிடுவேன்.

உன் அப்பா தனியாக வந்தார். கையில் ஒரு தடி. கண்ணில் புரை, படியைத் தடியால் தட்டிப் பார்த்துத்தான் இறங்கினார். ஃபல்கு ஆற்றில் எப்போதும் போல வெறும் மணல். நான் ஆள் வைத்துத் தோண்டித் தருகிறேன் என்றேன், கேட்கவில்லை. தானே உட்கார்ந்து கையால் குழி பறித்து, ஊறி வந்த தண்ணீரைச் சொம்பில் பிடித்தார். பிறகு ரிக்‌ஷாவில் ஜனார்த்தனர் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். தயிர் பிசைந்த பிண்டம், தனக்குத் தானே வைப்பதில் எள் கிடையாது. அதைச் சாமியின் கையில் வைத்தார். வழக்கமாக இதைச் செய்கிறவர்கள் அழுவார்கள். இவர் பரீட்சை முடித்த பிள்ளை மாதிரி சந்தோஷமாக இருந்தார்.

வீட்டுக்கு வந்து ஏட்டைப் பிரித்தேன். மகன் உண்டா என்று கேட்டேன், இல்லை என்றார். கேட்காமலே அவரே சொன்னார்: "ஒரு பொண்ணு இருக்கா. முங்கேர்ல டீச்சர். இந்திராசனி. அவ பேரை எழுதிக்கோங்க." கல்யாணம் ஆகிவிட்டதா என்றேன். இல்லை என்றார். பிள்ளை இருக்கும்போது ஏன் இதைச் செய்தீர்கள், வீட்டில் சண்டையா என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

"அவ அம்மா செத்தப்போ நான் ஆஸ்பத்திரில கெடந்தேன் பண்டாஜி. என் பொண்ண ரிக்‌ஷா ஸ்டாண்டுல நிறுத்தி வச்சானுங்க. அவ வந்து அழுதா, என்னால எழுந்திரிக்க முடியல, வாயைத் திறந்தா நானும் அழுதுடுவேன்னு பேசாம கெடந்தேன். நான் போனா மறுபடியும் அதையேதான் செய்வானுங்க. பிண்டம் போட ஆம்பள வேணும்னு சகல்தேவ் முன்னாடி வந்து நிப்பான். இப்ப நானே போட்டுட்டேன். அவனுக்கு அங்க வேலையே இல்ல. நெருப்பு மட்டும்தான் பாக்கி, அதை எம்பொண்ணு வைப்பா."

இதுதான் அவர் சொன்னது. நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதுகிறேன். மகளை எங்கே எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. என் அப்பா எழுதியதில்லை, அவர் அப்பா எழுதியதில்லை. மகன் இல்லையென்றால் "சந்ததி இல்லை" என்றுதான் எங்கள் வீட்டில் எழுதிப் பழக்கம். என் கை பாட்டுக்கு அதை எழுதியது. வாசலில் வங்காளத்துக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். உன் அப்பா "எம்பொண்ணு பேரு எழுதியாச்சா?" என்று கேட்டார். "ஆச்சு, இங்க கையெழுத்து போடுங்க" என்றேன். விரலைப் பிடித்து இடத்தைக் காட்டினேன். வாலை நீட்டிப் போட்டார். முதுகில் தட்டி, காரியம் பலித்தது என்று சொல்லி அனுப்பினேன்.

உன் முதல் கடிதம் வந்தபோதே எனக்கு இது ஞாபகம் வந்துவிட்டது. தப்பு என் பக்கம் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். ஏடு பொய் சொல்லாது என்று நாற்பது வருஷம் ஊரெல்லாம் பேசியவன். ஒரு பெண்பிள்ளையிடம் போய் எப்படி ஒத்துக்கொள்வது என்ற திமிர். உன் அப்பா இருக்கிறார், அவர்களே பேசிக்கொள்வார்கள் என்றும் நினைத்தேன். நீ பேசவே இல்லை என்று எனக்கு நவம்பரில்தான் தெரிந்தது. அப்போதும் எழுதவில்லை.

அந்த இரண்டு வார்த்தையை அடித்துவிடுகிறேன். பதினோரு தலைமுறையில் அடிக்காததை என் கையாலேயே அடிக்கிறேன். நீ வந்து பார்க்கலாம்.

கேசோலால்


முங்கேர்
14 பிப்ரவரி 1989

கேசோலால் பண்டாவுக்கு,

அடிக்காதீர். பேனாவைக் கீழே வையும்.

உம்முடைய கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். மதிய மணி அடித்தது, பெண்கள் எழுந்து போனார்கள், நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஆத்திரத்தில் மேஜையில் இருந்த மசிக்கூட்டைத் தட்டிவிட்டேன். நாற்பத்திரண்டு நோட்டும் நாசம். உம்மைத் திட்ட எனக்குத் தெரிந்த வார்த்தைகள் எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்தேன். எதுவும் போதவில்லை.

கண் தெரியாத மனிதர் எழுதியாச்சா என்று கேட்கிறார். ஆச்சு என்கிறீர். அந்த ஒரு பொய்யை உம்முடைய ஏட்டிலிருந்து எழுதி எடுத்துக்கொண்டு சகல்தேவ் என்னிடம் வருகிறான். நான் நம்புகிறேன். அக்டோபரில் நான் கேட்டபோதே ஒரு கார்டு போட்டிருந்தால், சட் பூஜைக்கு நான் ஆராவில் இருந்திருப்பேன். நவம்பரில் போட்டிருந்தால்கூட அடுத்த விடுமுறைக்கே போயிருப்பேன். டிசம்பரில் போட்டிருந்தாலும் ஒரு மாதம் இருந்தது. ஒவ்வொரு தடவையும் நீர் உம்முடைய கௌரவத்தைக் காப்பாற்றிக்கொண்டீர். என் அப்பா ஒவ்வொரு நாளும் தபால்காரரைப் பார்த்து நின்றிருக்கிறார், சாச்சா சொன்னார்.

இப்போது அடிக்கிறேன் என்கிறீர். அடித்தால் என்ன ஆகும்? ஒரு கறுப்புக் கோடு இருக்கும். இங்கே ஏதோ தப்பு நடந்திருக்கிறது, திருத்திவிட்டார்கள் என்று உம்முடைய வாரிசுகள் சொல்லிக்கொண்டு பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். எனக்கு அது வேண்டாம். உம்முடைய ஏட்டில் எதுவும் அடிக்கப்படுவதில்லை, அடுத்த வரியில்தான் எழுதப்படும் என்று பெருமையடித்தீரே. அப்படியே செய்யும். அந்த வரி அங்கேயே கிடக்கட்டும். அதற்குக் கீழே நான் சொல்கிறதை எழுதும். ஒரு வார்த்தை குறையக்கூடாது, கூடவும் கூடாது.

"மேலே சந்ததி இல்லை என்று எழுதியது பொய். ஹர்கோவிந்த் பிரசாத்துக்கும் சம்பா தேவிக்கும் ஒரு மகள், பெயர் இந்திராசனி. எழுதச் சொல்லித் தகப்பன் வாயால் சொன்னார். பண்டா எழுதவில்லை. கண் தெரியாதவரிடம் எழுதியாயிற்று என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார். மகள் மூன்று மாதம் தகப்பனிடம் பேசவில்லை. 1989 ஜனவரி 9 அன்று அவர் இறந்தார். நெருப்பு வைக்க வேண்டிய மகள் வைக்கவில்லை. தகப்பனை நம்பாமல் இந்த ஏட்டை நம்பினாள். எழுதியவன் கேசோலால் பண்டா."

என்னைப் பற்றிய வரியைப் பார்த்து, பாவம், தன்னையும் சேர்த்துக்கொண்டாள் என்று நினைக்க வேண்டாம். உமக்குத் துணையாக அதை எழுதச் சொல்லவில்லை. அவரோடு முப்பத்தாறு வருஷம் இருந்தேன். ஒரு துண்டுக் காகிதத்தைப் பார்த்ததும் அத்தனையும் போய்விட்டது. ஒரு தடவை ரயிலேறிப் போய், அப்பா இது உண்மையா என்று கேட்டிருக்கலாம். எனக்கும் திமிர். அது என் கணக்கு, அதை நான் சுமக்கிறேன். உம்முடையதை நீர் சுமக்க வேண்டும்.

நான் வந்து பார்க்க மாட்டேன். எழுதி, கையெழுத்துப் போட்டு, நகல் அனுப்பும். மன்னிப்பு என்று எதுவும் அதில் இருக்கக் கூடாது. அதைக் கேட்கிற இடத்தில் நீர் இல்லை, கொடுக்கிற இடத்தில் நானும் இல்லை.

இந்திராசனி


கயா
11 மார்ச் 1989

இந்திராசனிக்கு,

எழுதிவிட்டேன். நகல் இதோடு இருக்கிறது. ஒரு வார்த்தை கூடவில்லை, குறையவில்லை. எனக்குப் பிறகு ஏட்டை எடுத்துக்கொள்ள வேண்டிய என் தம்பி மகன் என் கையைப் பிடித்துத் தடுத்தான். "பெரியப்பா, இதைப் படிச்சா எவன் நம்ம ஏட்டை நம்புவான்?" என்று கேட்டான். நம்பக்கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன் என்று சொன்னேன். அன்றிலிருந்து அவன் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை.

நேற்று சகல்தேவ் வந்தான். சித்தப்பாவின் சாவை ஏட்டில் ஏற்ற வேண்டும், சந்ததி இல்லை என்று இருக்கும் வரியின் நகல் ஒன்றும் வேண்டும், ஆராவில் உன் அப்பாவின் வீட்டு விஷயமாகத் தேவைப்படுகிறது என்றான். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூட்டி வந்திருந்தான். திண்ணமான குரல், புது வேட்டி. கூடத்தில் ஆரா பக்கத்து யஜமான்கள் இருபது பேர் வரை உட்கார்ந்திருந்தார்கள்.

புதிய வரி ஏற்றுவதற்கு முன்பு அந்தக் குடும்பத்தின் பக்கத்தை மேலிருந்து கடைசி வரை சத்தமாகப் படிக்க வேண்டும். அது எங்கள் முறை. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உன் கொள்ளுத் தாத்தாவிலிருந்து ஆரம்பித்தேன். சந்ததி இல்லை என்ற இடம் வந்ததும் சகல்தேவ் பெரியவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அடுத்த வரியைப் படித்தேன். அவன் முகம் மாறியது. "இது என்னது, இதெல்லாம் எப்ப எழுதினீங்க?" என்று எழுந்தான். பெரியவர்களில் ஒருவர் அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

நான் நிறுத்தாமல் படித்தேன். நீ சொன்ன அத்தனையையும் படித்தேன். எழுதியவன் என்ற இடத்துக்கு வந்ததும் என் குரல் நின்றுவிட்டது. கடைசி வரிசையில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள், யாரென்று எனக்குத் தெரியாது, மடியில் பேத்தியோ மகளோ ஒரு பெண் குழந்தை.

"மேல படிங்க" என்றாள்.

படித்தேன்.

கேசோலால் பண்டா